வெர்னா எழுதி ஒட்டிய அட்டைகள்

ஹார்மலன் ஊரில் எந்தப் பிள்ளைக் கதையில் எத்தனையாவது பக்கத்தில் ஓநாய் சாகிறது என்று தெரிய வேண்டுமா, வெர்னா டெ ஃப்ரீஸைக் கேட்டால் போதும். சூனியக்காரி எப்போது வருகிறாள், எத்தனை பக்கம் நல்லவள் போல நடிக்கிறாள், அரசன் என்று வருகிறவர் ஆண்டவரைக் குறிக்கிறாரா அல்லது வெறும் அரசன்தானா, வாள்சண்டையில் ரத்தம் தெறிக்கிறதா இல்லை ‘வீழ்ந்தான்’ என்பதோடு விட்டுவிடுகிறார்களா, எல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. இத்தனைக்கும் அவள் ஆசிரியை இல்லை. போதகரின் மனைவியும் இல்லை. கிறிஸ்தவப் பள்ளியின் பதினாலாம் நம்பர் பேருந்தை ஓட்டுகிறவள்.

பால் பண்ணை வீட்டில் ஏழு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தாள். அவளுடைய அப்பாவுக்குக் கட்டுக்கதை என்றாலே ஆகாது. நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய்க்குப் பக்கத்து வீடு என்பார். வீட்டில் மிஷனரிகளின் வரலாறும் கால்நடை நோய்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றும் மட்டுமே இருந்தன. வெர்னா இரண்டையும் மூன்று முறை படித்து முடித்திருந்தாள். இருபது வயதில் தீவன ஆலையில் வேலை பார்த்த ஆர்லினைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு மகன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், வெளியூர் போனார்கள். முதல் மகன் பள்ளிக்குப் போன வருஷம் பேருந்து ஓட்ட ஆரம்பித்தவள், அவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும் அதை விடவில்லை.

பேருந்து ஓட்டுகிறவர்களுக்குக் காலை எட்டரையிலிருந்து பிற்பகல் இரண்டே முக்கால் வரை வேலை இல்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெர்னா பேருந்துக் கொட்டகையின் ஓய்வறையில், தெர்மாஸ் காபியோடு உட்கார்ந்து படிப்பாள். சபையின் நூலகத்தை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் முழங்கால் வலிக்கு வெயில் தேடி அரிசோனாவுக்குப் போனபோது, படிக்கிற ஆள் யார் என்று தேடிப் பார்த்து வெர்னாவின் கையில் சாவியைக் கொடுத்தார்கள். நூலகம் என்றால் ஆலயத்தின் அடித்தளத்தில், சமையலறைக்கும் கொதிகலனுக்கும் நடுவே ஓர் அறை. அங்கேயும் ஒரு சுவர் முழுக்க மிஷனரி வரலாறுதான். யாரும் எடுப்பதில்லை. ஜன்னல் பக்கம் பிள்ளைகளுக்கென்று ஓர் அலமாரி.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அலமாரி பொங்கி வழிய ஆரம்பித்தது. கிறிஸ்தவப் பதிப்பகங்கள் எல்லாம் மாயக்கதைகளை அச்சடித்துத் தள்ளின. பளபளக்கும் வாள், பனி மூடிய அரண்மனை, பேசும் பருந்து, மறைந்திருந்து கடைசியில் வெளிப்படும் அரசன். ஆராதனை முடிந்து பெரியவர்கள் காபியும் ஹாம் இறைச்சி வைத்த ரொட்டியுமாக நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் படியிறங்கி ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வெர்னாவும் படித்தாள். அப்பாவின் வீட்டில் கிடைக்காத சாப்பாடு நாற்பத்தைந்து வயதில் கிடைத்தது போல இருந்தது அவளுக்கு.

ஒரு புதன்கிழமை ஜோலீன் பிளான்டிங்கா வந்தாள். ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பவள், எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். கையில் ஒரு டிராகன் கதை. அதன் பக்கங்களுக்கு நடுவிலிருந்து மஞ்சள் துண்டுச் சீட்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றும் ஒரு குற்றம். மிருகங்கள் பேசுகின்றன, நல்லவன் ஒருவன் மந்திரக்கோல் வைத்திருக்கிறான், ஒரு சிறுமி பெற்றோரிடம் பொய் சொல்லிவிட்டுக் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவே இல்லை. இந்தப் புத்தகம் ஆலயத்தில் இருக்கக்கூடாது என்றாள். வெர்னா, வேதத்திலேயே ஒரு கழுதை பேசியிருக்கிறதே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் கழுதை ஒரு தடவைதான் பேசியது, அதுவும் அவசியத்துக்குப் பேசியது, என்றாள் ஜோலீன்.

மறுநாளே வேறொரு தாய் அதே புத்தகத்தின் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டாள். அவள் மகன் அதற்குமுன் எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லையாம். இதை இரண்டே நாளில் முடித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் முதல்முறையாகத் தானே ஜெபம் சொன்னானாம்.

வெர்னாவுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. இரண்டு பேரும் நல்ல தாய்மார்கள். மறுநாள் காலை இருட்டில், பேருந்தைக் கிளப்பும் முன் வழக்கம்போலச் சோதனைத் தாளைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தபோது அவளுக்கு யோசனை உதித்தது. அந்தத் தாளில் இது நல்ல பேருந்தா கெட்ட பேருந்தா என்று யாரும் கேட்பதில்லை. பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, கண்ணாடியில் விரிசல் உண்டா, எங்கே உண்டு, அவ்வளவுதான். பார்த்ததை எழுத வேண்டும். முடிவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

அன்றே முதல் அட்டையை எழுதிப் புத்தகத்தின் பின்பக்கம் ஒட்டினாள். தலைப்பு ‘பெற்றோருக்கு’. அதன்கீழ் மந்திரம், ரத்தம், பொய், பயம், சாவு என்று வரிசையாக, பக்க எண்களோடு. நாளாக ஆக அட்டைகளில் அவளுடைய குணமும் ஏறிக்கொண்டது. ‘பக்கம் 61-ல் சூனியக்காரி வருகிறாள். 74-ல் வேஷம் கலைகிறது. படுக்கும் நேரத்தில் படிப்பவர்கள் 70-ல் நிறுத்த வேண்டாம், யாரும் தூங்க மாட்டார்கள்’ என்று ஒன்றில் எழுதினாள். இரவுச் சாப்பாட்டின்போது ஆர்லினுக்குக் கதையைச் சொல்வாள். அவன் புத்தகம் தொடாதவன், ஆனால் கேட்பான். ஒரு முறை ஏழு நாள் குதிரைப் பயணக் கதையைக் கேட்டுவிட்டு, “அந்தக் குதிரைங்களுக்கு யாரு தீனி போட்டா?” என்றான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரும் போடவில்லை. அதையும் அட்டையில் எழுதினாள்: ‘குதிரைகள் புத்தகம் முழுக்கப் பட்டினி. பண்ணைப் பிள்ளைகள் கேட்பார்கள்.’

அட்டைகள் பிடித்துப்போயின. ஜோலீன் ஒன்றுவிடாமல் படித்தாள், விட்டுப்போனதைச் சொன்னாள், எடுக்கக்கூடாததை எடுக்காமல் போனாள். மற்றத் தாய்மார்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாதவர்கள் அட்டையை மட்டும் பார்த்துப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். பக்கத்து ஊர்களின் இரண்டு சபைகள் அவற்றை நகல் எடுத்துக்கொண்டன. வெர்னாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமை இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அக்டோபரில் அடிபட்டது.

டுவேன் கோய்ஸ்ட்ராவின் மகள் ஆனிகா பதினாலாம் நம்பர் பேருந்தில் கடைசியாக இறங்குகிற பிள்ளை. எட்டு வயது. மற்றவர்கள் எல்லாம் இறங்கிய பிறகு முன்னால் வந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அதிகம் பேச மாட்டாள். அந்த வருஷம் ஏப்ரலில்தான் அவளுடைய அம்மா ரோண்டா புற்றுநோயில் இறந்திருந்தாள். அடக்கத்துக்கு மறுவாரம் பெண்கள் முறைபோட்டு அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். வெர்னா இரண்டு முறை கொண்டுபோனாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், வீட்டு வாசலில் இறங்கப் போன ஆனிகா படியில் நின்று திரும்பினாள்.

“மிஸஸ் டெ ஃப்ரீஸ், வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது கல்லறைத் தோட்டத்து முனையில ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா?”

“எதுக்குடா செல்லம்?”

“அங்க ஒருத்தங்க ஏறினாலும் ஏறுவாங்க.”

பெரியம்மா, சித்தி யாராவது ஊரிலிருந்து வருகிறார்களோ என்று வெர்னா நினைத்தாள். சரி, அப்பாவைக் கேட்டுக்கொண்டு நிறுத்துகிறேன் என்று சொல்லிக் கதவை மூடினாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது, வேலியோரம் மூன்று மான்கள் நின்றன. ரோண்டாவின் புதுக்கல் அங்கேதான் இருந்தது. கல்லின் அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது, மான்கள் அதை மாறிமாறி நக்கிக்கொண்டிருந்தன. கன்றுகளுக்கு வைக்கிற உப்புக்கட்டி. பண்ணைக்காரர் யாரும் அதைக் கல்லறையில் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். வெர்னா பேருந்தின் வேகத்தைக் குறைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

‘உப்பு மலை அரசன்’ என்று ஒரு கதை, ஆனிகா நூலகத்திலிருந்து எடுத்துப்போயிருந்தது. பனி ராணியின் அம்பு பட்டு ஒரு சிறுமியின் தாய் இறந்துபோகிறாள். சிறுமி கல்லறை வாசலில் ஓர் உப்புக் கட்டியை வைக்கிறாள். மூன்றாம் நாள் வந்து தாயின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறாள். உப்பு மலை அரசன் தாயைக் கைபிடித்து வெளியே கூட்டிவருகிறார். அந்த இடத்தை முதல்முறை படித்தபோது வெர்னா ஓய்வறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அட்டையில் என்ன எழுதினாள் என்பதும் அவளுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. ‘சாவு: ஒன்று, பக்கம் 148. ரத்தம் இல்லை. பக்கம் 163-ல் எல்லாம் சரியாகிவிடுகிறது. எந்த வயதுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.’

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அன்று காபியைத் தொடாமல், தன் காரை எடுத்துக்கொண்டு நேரே டுவேனின் வயலுக்குப் போனாள். சோள அறுவடை. சனிக்கிழமை மழை என்று சொல்லியிருந்ததால் ஒருவருக்கும் நிற்க நேரமில்லை. வரிசை முடிகிற இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அறுவடை இயந்திரம் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. டுவேன் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் கிடந்த மேலங்கியை எடுத்துப் பின்னால் போட்டான். அவள் ஏணியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் மறுபடி ஓட்ட ஆரம்பித்தான்.

வெர்னா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆனிகா கேட்டது, மான்கள், அட்டையில் தான் எழுதியது. அவன் முன்னால் விழுந்துகொண்டிருந்த சோளத் தட்டைகளையே பார்த்தபடி கேட்டான். ஒரு வரிசை முடிந்து இயந்திரத்தைத் திருப்பினான்.

“சரியாகிடும்னு போட்டிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் குடுத்தேன். எனக்குப் படிக்கிற பழக்கம் இல்லை வெர்னா. அதெல்லாம் ரோண்டாதான் பார்த்துப்பா.”

“தெரியும். என் தப்பு டுவேன்.”

“உப்பைக் காணோம்னு செவ்வாய்க்கிழமையே தெரியும். சைக்கிள் தடத்தைப் பிடிச்சுப் போனேன். போன வாரம்தான் ஆனிகா அந்தப் பக்கத்தை எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தா, அதனால பார்த்த உடனே விளங்கிடுச்சு. எடுத்துட்டு வந்திருக்கணும். மனசு வரலை.” தொப்பியைச் சரிசெய்துகொண்டான். “நேத்து மத்தியானம் மறுபடியும் போனேன். மான் நக்கின தடம்தான் இருந்துச்சு. எதுக்குப் போனேன்னு என்னைக் கேக்காதீங்க.”

வெர்னா கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போதகர் வான் ஸைலைக் கூப்பிடலாமா என்று அவள் கேட்டபோது டுவேன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். அவர் நல்ல மனிதர், நன்றாகப் பேசுவார், ஆனால் இப்போது பேச்சு வேண்டாம் என்றான். கடைசியில் இப்படி முடிவாயிற்று: வெள்ளிக்கிழமை வெர்னா சொன்னபடி முனையில் நிறுத்துவாள். டுவேன் அறுவடையை அப்படியே விட்டுவிட்டு முன்னாலேயே வந்து அங்கே நிற்பான். அந்தக் காலத்தில் அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை பிற்பகலில் அறுவடையை நிறுத்தினான் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் ஊர் நம்பாது. டுவேன் நிறுத்தினான்.

அந்த வெள்ளிக்கிழமை மற்றப் பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். ஆனிகா தலையை வாரி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முனையில் பேருந்து நின்றதும் அப்பாவின் வண்டியைப் பார்த்து முகம் மாறியது. ஆனாலும் இறங்கினாள். வெர்னா என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கி, வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

ஆனிகா கல்லின் முன்னால் போய் நின்றாள். கூப்பிட்டாள். ‘அம்மா’ என்று அல்ல, கதையில் வருகிறபடி பெயரைச் சொல்லி. மூன்று முறை. மூன்றாவது முறை சத்தம் கொஞ்சம் உடைந்தது. டுவேன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். காற்று மட்டும் அறுத்த வயல் மேல் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று வெர்னாவால் பிற்பாடு சொல்ல முடிந்ததில்லை.

“மூணு நாள் ஆயிடுச்சுப்பா,” என்றாள் ஆனிகா.

டுவேன் மண்ணில் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தான். “அது அந்தக் கதையோட மூணு நாள், ஆனி. நம்மளோடது ரொம்ப நீளம்.”

“எவ்வளவு நீளம்?”

“எனக்குத் தெரியாது. வருவாங்கன்னு நம்பறேன். எப்பன்னு தெரியாது. நான் உசுரோட இருக்கும்போது இருக்காது.”

அவள் அழுவாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள். பிள்ளைக்கு முதலில் வந்தது கோபம்தான்.

“அந்தப் புத்தகத்தை எழுதினவங்களுக்கு அம்மா இருக்காங்க போல,” என்றாள்.

பிறகுதான் அழுதாள். டுவேன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். எட்டு வயதுப் பிள்ளை, கால்கள் அவன் முழங்கால் வரை தொங்கின. வெர்னா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆனிகா அவளிடம் வந்தாள். அதட்டுகிற குரலில்லை, விவரம் கேட்கிற குரல்.

“நீங்க அந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“அப்புறம் ஏன் கார்டுல போடலை?”

“படிச்சப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு செல்லம். சந்தோஷமா இருக்கிற எடத்துல யாருக்கு வலிக்கும்னு நான் யோசிக்கலை. யோசிச்சிருக்கணும்.”

ஆனிகா அதை ஒப்புக்கொண்டது போலத் தலையாட்டினாள். உப்புக்கட்டியை எடுத்துப் போகட்டுமா என்று அப்பா கேட்டதற்கு, மானுக்கு இருக்கட்டும் என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகக் குழு கூடியது. குழு என்றால் வெர்னா, போதகர் வான் ஸைல், டிராகன் விவகாரத்துக்குப் பிறகு தானாகவே வந்து சேர்ந்துகொண்ட ஜோலீன், மூன்று பேர்தான். வெர்னா நடந்ததைச் சொல்லி, சாவியை மேஜைமேல் வைத்தாள். போதகர் சாவியைத் தொடவில்லை. இந்தப் பத்து வருஷத்தில் பிரசங்கத்தில் நான் எத்தனை முறை ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன், என்று மட்டும் சொன்னார். ஜோலீன், அந்தப் புத்தகத்தைத் தானும் படித்ததாகச் சொன்னாள். ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை, பக்கம் 163-ஐத் தன் ஐந்து பிள்ளைகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். வேதத்துக்கு இவ்வளவு நெருக்கமாக ஒரு பக்கம் எந்தக் கதையிலும் இல்லை என்று தோன்றியதாம்.

“நான் டிராகனையே பார்த்துக்கிட்டிருந்தேன்,” என்றாள். “சாவியை எடுங்க வெர்னா. எல்லாக் கார்டையும் திருப்பி எழுதணும். என்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு.”

அந்தக் குளிர்காலம் முழுக்க, திங்கள்கிழமைகளில் ஜோலீன் எலுமிச்சைக் கேக் துண்டுகளோடு வெர்னாவின் சமையலறைக்கு வந்தாள். வெர்னா புத்தகங்களை முதலிலிருந்து படித்துச் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். பேசும் மிருகங்கள் விஷயத்தில் ஜோலீன் கடைசிவரை இறங்கி வரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் சண்டை இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: யார் திரும்பி வருகிறார்கள், யார் வரவில்லை. ‘எந்த வயதுக்கும்’ என்பது எல்லா அட்டையிலிருந்தும் போயிற்று. அந்த வரிக்காகத் தேடிப் போனபோதுதான், இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தெட்டுக் கதைகளில் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள் என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. அதில் பதினொன்றில் அது ஓர் அம்மா. இத்தனை நாளும் அவற்றை அவள் நல்ல முடிவு என்றே குறித்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆனிகா அப்பாவோடு படியிறங்கி வந்து ‘உப்பு மலை அரசன்’ இருக்கிறதா என்று கேட்டாள். வெர்னா டுவேனைப் பார்த்தாள். கேட்கிறாள், கொடுங்கள், இந்தத் தடவை நானும் கூட உட்காரப்போகிறேன் என்றான் அவன். வெர்னா எடுத்துக் கொடுத்தாள். ஆனிகா முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் புது அட்டையைப் படித்தாள். ‘பக்கம் 148-ல் அம்மா இறக்கிறாள். பக்கம் 163-ல் உயிரோடு திரும்பி வருகிறாள். வேண்டியவரை இழந்த பிள்ளையாக இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருந்து படியுங்கள். படித்து முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள்.’

“‘திரும்பி வருகிறாள்’னு இருக்கில்ல, அதுக்கு முன்னாடி ‘கதையில்’னு ஒரு வார்த்தை போடுங்க,” என்றாள்.

வெர்னா பேனாவை எடுத்து, வரிக்கு மேலே சின்னக் கூரை போட்டு அந்த வார்த்தையைச் செருகினாள். ஆனிகா பார்த்துவிட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்.

அப்பாவும் மகளும் அந்தக் கதையைச் சேர்ந்து படித்தார்கள். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம், டுவேன் விரலை வைத்து மெதுவாகப் படிப்பானாம். 163-க்கு வந்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டு ரோண்டாவைப் பற்றிப் பேசினார்களாம், அவள் பாட்டுப் பாடிக்கொண்டே காரை ஓட்டுவதையும், ஆப்பிள் உரிக்கும்போது தோல் அறுந்தால் கோபித்துக்கொள்வதையும். அது முடிந்ததும் டுவேன் அடுத்த புத்தகம் கேட்டு வந்தான். நாற்பத்தொரு வயதில் அவன் முதல்முறையாக எடுத்த நூலக அட்டையை வெர்னாவே எழுதினாள். வசந்தம் வருவதற்குள் ஒன்பது கதைகளை முடித்திருந்தான். பிரசங்கத்தின்போது பெப்பர்மின்ட் மிட்டாயை நீட்டிக்கொண்டே பின்வரிசையில் இருந்தவரிடம், பருந்துக் கதையின் மூன்றாம் பாகம் சரியில்லை என்று குறை சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டான்.

ஜோலீனின் மூத்த மகன் அட்டைகளை எல்லாம் இணையத்தில் ஏற்றினான். முதலில் நெப்ராஸ்காவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும், பிறகு வெர்னா வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. தத்தெடுத்த பிள்ளைக்கு எந்தக் கதை கொடுக்கலாம், தண்ணீருக்குப் பயப்படுகிறவனுக்கு எது ஆகாது, அப்பா சிறையில் இருக்கிறார், அரசனைச் சிறையில் அடைக்கிற கதை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கேள்வி வந்தால் அவள் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவாள். எது நல்ல புத்தகம் என்று கேட்டவர்களுக்கு மட்டும், அது உங்கள் பிள்ளையைப் பொறுத்தது, எனக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது என்று பதில் போகும். அட்டையில் எதையோ விட்டுவிட்டாள் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் முதலில் பதில் போகும், நன்றியோடு.

அறுபத்தாறு வயதில் பேருந்தை விட்டாள். நூலகத்தை விடவில்லை. இறைச்சி ஆலை வேலைக்காகக் குவாத்தமாலாவிலிருந்து வந்த குடும்பங்கள் அப்போது ஊரில் பெருகியிருந்தன, சபைக்கும் வந்தார்கள். அவர்களில் எல்மர் சிகாய் என்றோர் இளந்தகப்பன், ஒரு ஞாயிறு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்தளத்துக்கு வந்தான். மகள் ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கிறாள், தனக்கு அவ்வளவு வேகமாக வராது, அட்டையிலாவது என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வெர்னா அவனை உட்கார வைத்தாள். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவன் தன் மொழியில் தன் கையெழுத்தில் எழுதினான். சூனியக்காரிக்கு அவன் ஊரில் இரண்டு வார்த்தைகளாம், ஒன்று பயமுறுத்துகிறவள், மற்றொன்று மருந்து கொடுக்கிறவள். எதைப் போடுவது என்று இருவரும் கால் மணி நேரம் யோசித்தார்கள். மேலே காபி ஆறிக்கொண்டிருந்தது. ஆர்லின் படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஒரு ஹாம் ரொட்டியும் எல்மருக்கு ஒன்றும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அன்று ஒரே ஓர் அட்டைதான் முடிந்தது. அடுத்த ஞாயிறு எல்மர் தன் மைத்துனியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.